போன் பெட்டியின் மேல் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றான். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு போன்களின் விவரங்களை எழுதியிருந்தான். இரண்டும் 18,000 ரூபாயை ஒட்டிய விலை. கேமரா: 108, 50. ரேம்: 16, 8. சார்ஜர்: 67, 25. எந்தப் பக்கம் எண் பெரிதோ அந்தப் பக்கம் ஒரு டிக். கூட்டிப் பார்த்தால் 7-க்கு 2.

"இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல மாமா. இடது பக்கம்தான்" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. விளம்பரம், கடை, யூடியூப் எல்லாம் போனை இப்படித்தான் ஒப்பிடக் கற்றுக்கொடுக்கின்றன. ஆனால் அவன் போட்ட டிக்குகளில் பாதி வெறும் மை. 16 ஜிபி என்று எழுதியிருந்த ரேம் உண்மையில் 8 ஜிபிதான். 108 மெகாபிக்சல் கேமரா கையில் எடுத்துத் தரும் படம் பெரும்பாலும் 12 மெகாபிக்சல். அதைவிட முக்கியம், அந்தப் போனை எத்தனை வருடம் நிம்மதியாக வைத்திருக்கலாம் என்ற வரியே அந்தப் பக்கத்தில் இல்லை.

ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டு, பல பேர் தவணையில், வாங்குகிற பொருள் இது. அதனால் அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

ரேம்: சமையல் மேடை

வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைச் சாமான் அலமாரியில் இருக்கிறது. சமைக்கும்போது வேண்டியதை எடுத்து மேடையில் பரப்பிக்கொள்கிறோம். மேடை பெரிதாக இருந்தால் குழம்புக்கு அரிந்ததும் பொரியலுக்கு அரிந்ததும் தோசை மாவும் ஒன்றாகக் கையெட்டும் தூரத்தில் இருக்கும். சின்ன மேடை என்றால் ஒன்றை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் இன்னொன்றுக்கு இடம்.

அந்த மேடைதான் ரேம். போன் இந்த நிமிடம் செய்துகொண்டிருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். அலமாரிதான் ஸ்டோரேஜ். போட்டோ, வீடியோ, ஆப் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம். போனை அணைத்தால் மேடை காலியாகிவிடும், அலமாரி அப்படியே இருக்கும்.

மேடை போதவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மளிகைக் கடையில் பணம் அனுப்பும் ஆப்பைத் திறக்கிறீர்கள். எவ்வளவு என்று பார்க்க வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டு உடனே திரும்பி வருகிறீர்கள். அந்த ஆப் விட்ட இடத்தில் நிற்காமல் முதலிலிருந்து திறந்து மறுபடி ரகசிய எண் கேட்கிறதா? இடம் இல்லாததால் போன் அதை மேடையிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறது. பெரும்பாலும் அதுதான் காரணம்.

இப்போது அவன் 16 என்று கூட்டி எழுதிய "8+8 ஜிபி" சங்கதிக்கு வருவோம். இரண்டாவது 8 என்பது அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து "இதுவும் மேடைதான்" என்று எழுதி ஒட்டுவது. விர்ச்சுவல் ரேம் என்று பெயர். ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு. ஸ்டோரேஜ் ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. அடிக்கடி தொடாத ஆப்பை அங்கே ஒதுக்கி வைக்கலாம், கொஞ்சம் உதவும். ஆனால் அங்கே வைத்துச் சமைக்க முடியாது. ஆகவே கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஆண்ட்ராய்டு போனில் 4 ஜிபி இன்று நெருக்கடிதான். பேசவும் வாட்ஸ்அப்புக்கும் 6 போதும். பெரும்பாலானவர்களுக்கு 8 தாராளம். 12-க்கு மேல் கனமான கேம் ஆடுகிறவர்களுக்குத்தான். ஐபோனோடு இந்தக் கணக்கை ஒப்பிடாதீர்கள். 2023-இல் வந்த ஐபோன் 15-இல் ரேம் 6 ஜிபிதான், ஆனாலும் அது திணறுவதில்லை. அந்தச் சமையலறையின் அமைப்பே வேறு. இன்னொன்று: ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகள் குவியல் குவியலாகப் போவதால் 2025-இன் கடைசியிலிருந்து அவற்றின் விலை ஏறியிருக்கிறது. தேவையில்லாத ரேமுக்குக் காசு கொடுக்க இது நேரமில்லை.

ஸ்டோரேஜ்: அளவு தெரியும், வேகம் தெரியாது

128 ஜிபி, 256 ஜிபி என்று அளவைப் பெரிதாகப் போடுவார்கள். அந்த அலமாரியிலிருந்து எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதை அநேகமாகப் போடுவதில்லை. விலை குறைந்த போன்களில் இன்னும் இஎம்எம்சி என்ற பழைய வகை ஸ்டோரேஜ் வருகிறது. அதற்கு அடுத்த தலைமுறை யூஎஃப்எஸ்.

இஎம்எம்சி ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகிய பாலம். எதிர்ப்பக்க வண்டி வந்தால் இந்தப் பக்கம் நின்றுதான் ஆக வேண்டும். அதாவது ஒரு நேரத்தில் படிக்கும், அல்லது எழுதும். யூஎஃப்எஸ் இருவழிப் பாலம். போதாததற்கு வேகமும் அதிகம். இஎம்எம்சி 5.1 நொடிக்கு ஏறத்தாழ 300 எம்பி படித்தால், யூஎஃப்எஸ் 2.2 ஏறத்தாழ 1,000 எம்பி படிக்கும். "புதுசா இருந்தப்ப நல்லா ஓடிச்சு, ஒரு வருஷத்துல ஸ்லோ ஆயிடுச்சு" என்று குறைந்த விலைப் போனைப் பற்றிக் கேட்கிறோமே, அதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தப் பாலம்தான். ஆப்கள் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது போன் தொட்டால் அசையாமல் நிற்பது இதனால்தான்.

எனவே 15,000 ரூபாய்க்குள் வாங்குகிறீர்கள் என்றால், 8 ஜிபி ரேமும் இஎம்எம்சியும் உள்ள போனை விட 6 ஜிபி ரேமும் யூஎஃப்எஸ்ஸும் உள்ள போன் நல்லது என்பது என் கருத்து.

இதுவரை பார்த்தது: ரேம் மேடை, ஸ்டோரேஜ் அலமாரி. கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் ரேமைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஸ்டோரேஜில் அளவோடு வகையையும் கேளுங்கள்.

பிராசஸர்: கல்யாண வீட்டுச் சமையல் ஆட்கள்

மேடையும் அலமாரியும் இருந்தால் போதுமா? சமைக்க ஆள் வேண்டும். அதுதான் பிராசஸர், கணக்கிடும் வேலை எல்லாவற்றையும் செய்யும் சிப். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வேலையாளும் ஒரு கோர்.

"ஆக்டா கோர்" என்றால் எட்டுக் கோர். எட்டு பேரும் ஒரே திறமைசாலிகள் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் இரண்டு பேர் இருப்பார்கள், காய் நறுக்கவும் தண்ணீர் தூக்கவும் ஆறு பேர் இருப்பார்கள். நடுத்தர விலைப் போன்களில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்: இரண்டு பெரிய கோர், ஆறு சின்ன கோர். மெசேஜ் வருவது, பாட்டு ஓடுவது போன்ற சில்லறை வேலையைச் சின்ன கோர்கள் பார்த்துக்கொள்ளும். கேமராவைத் திறந்தாலோ கேம் ஆடினாலோ பெரிய கோர்கள் இறங்கும். சின்னவை குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி மிச்சமாகும்.

அதனால் எத்தனை பேர் என்ற கேள்வியை விட, தலைமைச் சமையல்காரர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விதான் முக்கியம். 2017 முதல் வந்த ஐபோன்களில் ஆறு கோர்தான். அவை எட்டுக் கோர் போன்கள் பலவற்றைத் தாண்டி ஓடுகின்றன.

"4 நானோமீட்டர்" என்று போட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது சிப்பில் உள்ள பாகத்தின் உண்மையான அளவு. இன்று அது தயாரிப்பு முறையின் தலைமுறைப் பெயர்தான். எண் குறையக் குறையப் புதிய முறை, பொதுவாகக் குறைந்த சூடு, குறைந்த மின்சாரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிராசஸர் சூடானால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு த்ராட்டிலிங் என்று பெயர். மே மாதச் சென்னை வெயிலில் பைக்கில் மாட்டிய போன் மேப்பைத் திணறித் திணறிக் காட்டுவது இதனால்தான். ஏசி அறையில் பத்து நிமிடம் சோதித்து வீடியோ போடுகிறவர்களுக்கு இது தெரியாது. கேம் ஆடுகிறவர்கள் "அதிகபட்ச வேகம் எவ்வளவு" என்று தேடுவதை விட "அரை மணி நேரம் கழித்து எவ்வளவு" என்று தேடுங்கள்.

கேமரா: மழையில் வைத்த பாத்திரம்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒளியை மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் சென்சார் என்ற சிறு தகடு இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் பிடித்து மின்சாரக் குறிப்பாக மாற்றுவது அதன் வேலை. அந்தத் தகடுதான் நம் மொட்டை மாடி. அதில் வரிசை வரிசையாகப் பாத்திரங்களை வைத்து மழை பிடிக்கிறோம். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு பிக்சல். பத்து லட்சம் பாத்திரம் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல்.

மாடி அதே மாடி. அதில் 1.2 கோடி பாத்திரம் வைத்தால் ஒவ்வொன்றும் குடம் அளவுக்கு இருக்கும். 10.8 கோடி வைத்தால் ஒவ்வொன்றும் சின்ன டம்ளராகத்தான் இருக்க முடியும். பகல் வெளிச்சம் அடைமழை மாதிரி. டம்ளரும் நிரம்பும், குடமும் நிரம்பும், வித்தியாசம் தெரியாது. இரவு கோயில் திருவிழாவில் எடுக்கும் படம் தூறல் மாதிரி. டம்ளரில் நாலு சொட்டு விழும், பக்கத்து டம்ளரில் ஆறு விழும். உண்மையில் எவ்வளவு மழை என்று எதை நம்புவது? அந்தக் குழப்பம்தான் இருட்டுப் படங்களில் தெரியும் புள்ளி புள்ளியான இரைச்சல்.

போன் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பக்கத்துப் பக்கத்து டம்ளர்களை ஒன்றாக ஊற்றி ஒரு குடமாகக் கணக்கெடுக்கிறார்கள். பிக்சல் பின்னிங் என்பது இதுதான், அருகருகே உள்ள பல பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. 50 மெகாபிக்சல் சென்சாரில் நான்கு சேர்ந்து ஒன்று, கிடைப்பது 12.5. 108-இல் ஒன்பது சேர்ந்து ஒன்று, கிடைப்பது 12. 2023-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் 200 மெகாபிக்சலில் பதினாறு சேர்ந்து ஒன்று, மறுபடியும் அதே 12 சொச்சம். எங்கே சுற்றினாலும் வந்து நிற்பது 12-இல். முழு 108-ஐயும் எடுக்கத் தனி மோடு இருக்கும். நல்ல வெயிலில் அது விவரங்களைக் கூடுதலாகத் தரும், உண்மைதான். ஆனால் நாம் எடுக்கும் நூறு படங்களில் எத்தனை அப்படி எடுக்கிறோம்?

ஆப்பிள் 2015-இன் ஐபோன் 6எஸ் முதல் 2021-இன் ஐபோன் 13 வரை பின்பக்கக் கேமராவை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. அந்த ஆறு வருடத்தில் அதன் படங்கள் எவ்வளவோ மேம்பட்டன. சென்சார் பெரிதானது, லென்ஸ் மாறியது, எல்லாவற்றுக்கும் மேல் மென்பொருள் வளர்ந்தது. இன்று நீங்கள் ஒரு முறை பட்டனைத் தொட்டால் போன் பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நல்லதைச் சேர்த்துத் தருகிறது. 2017-இல் வந்த கூகுள் பிக்சல் 2-இல் பின்பக்கம் ஒரே ஒரு கேமராதான். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் படத்தை அதிலேயே எடுத்துக் காட்டினார்கள். நான்கு வட்டம் இருப்பதால் நான்கு நல்ல கேமரா என்று ஆகிவிடாது. விலை குறைந்த போன்களில் "2 மெகாபிக்சல் மேக்ரோ", "2 மெகாபிக்சல் டெப்த்" என்று இருப்பவை வட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் உதவுகின்றன. அவற்றுக்கு என் கணக்கில் டிக் கிடையாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சென்சாரின் அளவை. அதை 1/1.5 இன்ச், 1/2.8 இன்ச் என்று பின்னமாக எழுதுவார்கள். கீழே இருக்கும் எண் சிறிதாக இருந்தால் மாடி பெரிது என்று அர்த்தம். 1/1.5 பெரியது, 1/2.8 சின்னது. அப்புறம் ஓஐஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கை நடுங்கும்போது அதற்கு எதிர்ப்பக்கம் லென்ஸையோ சென்சாரையோ அசைத்து ஈடுகட்டும் பொறி அது. இரவுப் படத்துக்கும் நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவுக்கும் அது பெரிய உதவி.

கடையில் பளிச்சென்ற விளக்குக்குக் கீழே எடுத்தால் எல்லாப் போனும் நன்றாகத்தான் எடுக்கும். கவுண்டருக்குக் கீழே நிழலில் ஒரு பையை வைத்து எடுத்துப் பாருங்கள். கூட வந்தவரைக் கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கி விரல்களைப் பாருங்கள். அந்த இரண்டு படம் சொல்வதை 108 என்ற எண் சொல்லாது.

சுருக்கமாக, மெகாபிக்சல் என்பது பாத்திரங்களின் எண்ணிக்கை. மாடியின் பரப்பும் மென்பொருளும்தான் படத்தைத் தீர்மானிக்கின்றன.

பேட்டரி: டேங்க் வேறு, மைலேஜ் வேறு

5,000 எம்ஏஹெச் என்பது டேங்கின் கொள்ளளவு. எம்ஏஹெச் என்றால் பேட்டரி எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு. வண்டி வாங்கும்போது டேங்கை மட்டுமா கேட்கிறோம், மைலேஜையும்தானே கேட்கிறோம்? ஐபோன் 15-இல் இருப்பது சுமார் 3,350 எம்ஏஹெச். எண்ணைப் பார்த்தால் மதியமே தீர்ந்துவிடும் போலத் தெரியும். ஆனால் சாதாரணப் பயன்பாட்டில் ஒரு நாளைத் தாண்டிவிடும். பிராசஸரும் திரையும் குறைவாகக் குடிப்பதுதான் காரணம்.

டேங்கும் இப்போது பெரிதாகி வருகிறது. பழைய பேட்டரிகளில் ஒரு முனை கிராஃபைட்டால் ஆனது. அதில் சிலிக்கான் கலந்தால் அதே இடத்தில் அதிக மின்சாரம் அடங்கும். சிலிக்கான் கார்பன் பேட்டரி என்று விளம்பரத்தில் வருவது இதுதான். 2025-இல் வந்த விவோ டி4 போனில் 7,300 எம்ஏஹெச் இருக்கிறது, போனும் செங்கல் மாதிரி இல்லை.

சார்ஜர் எண்ணுக்கு ஒரு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பஸ் வந்து நின்றால் முதல் இருபது பேர் ஓடி ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி ஐந்து பேருக்கு இடம் தேடி நகர நேரம் ஆகும். பேட்டரியும் அப்படித்தான். காலியாக இருக்கும்போது மின்சாரத்தை வேகமாக வாங்கும், நிரம்ப நிரம்ப மெதுவாகும். 67 வாட் என்பது அந்த முதல் சில நிமிட உச்ச வேகம். வாட் என்பது மின்சாரம் பாயும் வேகத்தின் அளவு. பாதிவரை ஏற எவ்வளவு நேரம், முழுவதும் ஏற எவ்வளவு நேரம் என்று கேளுங்கள், அது நேரான பதில். அந்த வேகம் கிடைக்க அதே கம்பெனியின் சார்ஜர் வேண்டியிருக்கும். பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பல போன்களில் இப்போது வருவதில்லை.

பேட்டரி தேயும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன்களின் பேட்டரி, 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. தினம் ஒரு முறை சார்ஜ் என்றால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். சில கம்பெனிகள் தங்கள் பேட்டரி இதையும் தாண்டி எத்தனை முறை தாங்கும் என்று வெளியிடுகின்றன. அது உபயோகமான எண், தேடிப் பாருங்கள்.

திரை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எல்சிடி திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும். அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். அதனால் கறுப்பு நிஜக் கறுப்பாக இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 60-லிருந்து 90-க்குப் போனால் விரலுக்கே வித்தியாசம் தெரியும். 120-லிருந்து 144-க்குப் போனால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. நிட்ஸ் என்பது பிரகாசத்தின் அளவு. "3,000 நிட்ஸ் உச்சம்" என்பது திரையின் ஒரு சின்னப் பகுதியில், சில வகை வீடியோக்களில் எட்டும் அளவு. போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் படித்துப் பாருங்கள், அது போதும்.

பெட்டியில் இல்லாத தேதி

பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. மாத்திரை அட்டையில் தேதி இருக்கிறது. 18,000 ரூபாய் போன் பெட்டியில் அது எந்த நாள் வரை பாதுகாப்பானது என்ற தேதி இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

போனுக்குள் ஓடும் மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். திருடன் அந்த ஓட்டை வழியாக உள்ளே வரலாம். அதை அடைக்க வருவதுதான் பாதுகாப்பு அப்டேட். இன்னொன்று ஆண்ட்ராய்டு அப்டேட். அது மென்பொருளின் புதிய பதிப்பு, புதிய வசதிகளோடு வருவது. இரண்டும் வேறு வேறு. முதலாவது பூட்டைச் சரி செய்வது, இரண்டாவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது. வெள்ளையடிக்காத வீட்டில் இருக்கலாம். பூட்டு இல்லாத வீட்டில் வங்கிக் கணக்கையும் ஆதாரையும் வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

கூகுள் திருத்தங்களை வெளியிட்டதும் அவை நேராக நம் கைக்கு வந்துவிடுவதில்லை. பிராசஸர் செய்த கம்பெனி தன் பங்கைச் செய்ய வேண்டும், போன் கம்பெனி அதைத் தன் மாடலுக்கு ஏற்றபடி மாற்றிச் சோதிக்க வேண்டும், பிறகுதான் நமக்கு. இதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும். விலை குறைந்த மாடலுக்கு நெடுநாள் அதைச் செய்யக் கம்பெனிகள் தயங்குவது அதனால்தான்.

நிலைமை மாறி வருகிறது, இது நல்ல செய்தி. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு வருடம் வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதே ஏழு. அந்த வருடக் கடைசியில் 20,000 ரூபாய்க்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு வருடம். ஆனால் அதே விலைக்கு இரண்டு, மூன்று வருடத்தோடு முடியும் போன்களும் பக்கத்திலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வருடக் கணக்கு மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. பண்டிகைத் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய மாடலில் மீதி எத்தனை மாதம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அக்கா மகனின் பக்கத்தில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். இடது பக்கப் போனுக்கு மூன்று வருடப் பாதுகாப்பு, மாடல் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. மீதி இரண்டு. 18,000-ஐ இரண்டால் வகுத்தால் வருடத்துக்கு 9,000 ரூபாய். வலது பக்கப் போனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. வருடத்துக்கு 3,600. நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்தாலும் பாதிதான் வருகிறது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்டேட் நின்ற மறுநாள் போன் செத்துவிடாது. ஆனால் ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 என்ற பழைய பதிப்பு ஓடும் போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது.

யாருக்கு எது?

இப்போது ஆளைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். என் அம்மாவுக்கு வாங்கிய போனை வைத்தே தொடங்குகிறேன். 9,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வாரமே "தானா என்னென்னமோ வருதுப்பா" என்றார். பூட்டுத் திரையில் விளம்பரம், நோட்டிபிகேஷனில் விளம்பரம், கேட்காமலே இறங்கிய நாலு கேம். விலையைக் குறைக்கக் கம்பெனி செய்யும் ஏற்பாடு அது. எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் 3,000 போட்டு வேறு வாங்கியிருப்பேன். பெரியவர்களுக்கு ரேமும் கேமராவும் பின்னால் வரட்டும். விளம்பரம் தொல்லை செய்யாத மென்பொருள், உரத்த ஸ்பீக்கர், வெயிலில் தெரியும் திரை, வாட்ஸ்அப் வாழ்த்துப் படங்களால் நிரம்பிவிடாத 128 ஜிபி, உள்ளூரில் சர்வீஸ் சென்டர். 10,000 முதல் 13,000 ரூபாய்க்குள் இவை கிடைக்கும். வாங்கியவுடன் பரிந்துரை, விளம்பரம் என்று செட்டிங்கில் இருப்பவற்றை நீங்களே உட்கார்ந்து அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

சாப்பாடு டெலிவரி செய்கிறவருக்குக் கணக்கே வேறு. பத்து மணி நேரம் வெயில், மழை, ஜிபிஎஸ். இவருக்கு ஆறு வருட அப்டேட்டை விட ஆறாயிரம் எம்ஏஹெச்சைத் தாண்டிய பேட்டரி முக்கியம், ஏனென்றால் போன் அதற்குள் எத்தனை முறை கீழே விழும் என்று தெரியாது. திரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஐபி64, ஐபி68 என்று போட்டிருப்பதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 8 என்றால் நல்ல தண்ணீரில் முங்கினாலும் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். தாங்காமல் போனால் அநேகமாக வாரண்டி கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே புடவை விற்கிறவர்கள், அலங்கார வேலை செய்கிறவர்கள் கேமராவுக்காகச் செலவு செய்யலாம், அது முதலீடு. மயில் கழுத்து நிறப் புடவை படத்தில் நீலமாகத் தெரிந்தால் பார்சல் திரும்பி வரும். ஒரு புடவையைக் கையோடு எடுத்துப் போய்க் கடையில் படம் எடுத்து, நிறத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 25,000 முதல் 40,000 வரை செலவிட முடிந்தால் இந்த வருட நடுத்தர மாடலை விட, போன வருட உயர் மாடல் விலை குறைந்து கிடைப்பது பல நேரம் மேல். அதன் சென்சாரும் லென்ஸும் பெரியவை. ஆனால் மீதி அப்டேட் வருடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு 15,000 முதல் 20,000-க்குள் நிஜமான 8 ஜிபி ரேம், யூஎஃப்எஸ் ஸ்டோரேஜ், நான்கு வருடமாவது மீதி இருக்கும் அப்டேட். இந்த மூன்றும் இருந்தால் மற்றதை ரசனைக்கு விட்டுவிடலாம். 5ஜி வேண்டுமா என்றால், வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கியது, இனி வாங்கும் போன் நாலைந்து வருடம் ஓட வேண்டும். என்78 என்ற அலைவரிசை கட்டாயம் இருக்கட்டும். ஜியோ சிம் என்றால் என்28-உம் இருந்தால் கட்டடங்களுக்குள் நன்றாக எடுக்கும்.

60,000-க்கு மேல் போகிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. 20,000-க்கும் 40,000-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், 60,000-க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையே தெரிவதில்லை. தூரத்தில் இருப்பதை எடுக்கும் ஜூம் கேமராவுக்காக என்றால் அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கிறது.

கடையில்

போன வருடம் ஜூலையில் அக்கா மகனும் நானும் கடைக்குப் போனோம். இடது பக்கப் போனின் 67 வாட் வேகம் அவனுக்குக் கொஞ்சம் ஏக்கம்தான். விடுதியில் பிளக் பாயிண்ட் பற்றாக்குறை, அது நியாயமான காரணம். கவுண்டருக்கு அடியில் பையை வைத்து இரண்டு போனிலும் படம் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தான். வித்தியாசம் இல்லை என்றான். வாசலுக்குப் போய் வெயிலில் பார்த்தான். வந்து வலது பக்கப் போனைக் கேட்டான்.

பெட்டியை எங்கள் முன்னால் பிரிக்கச் சொன்னோம். போனை ஆன் செய்ததும் டயலரில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும், ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாளம். அது பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். பழைய போன் வாங்குகிறவர்கள் இதே எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

பில்லை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் போனவன் கடைக்காரரிடம் பேனா கேட்டான். மூடியின் உள்பக்கத்தில் "அப்டேட்: 2030 அக்டோபர் வரை" என்று எழுதி, அதன் பிறகுதான் மூடினான்.